நான் ஐஸ் பெட்டிக்காரம்மா ஆனது

என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் நிறைவதற்கு ஒரு மாதம் இருந்தபோது அவருடைய போன் அடித்தது.

அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இன்ஜின் சத்தத்தில் முப்பது வருடம் நின்று காது மந்தமாகிவிட்டதால், பட்டன் போனில் இருக்கிற சத்தங்களிலேயே பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மணியைத் தகரத்தில் அடிப்பது மாதிரி இருக்கும். அவர் போன பிறகும் அந்தப் போனை நான் பிரிட்ஜ் மேல் வைத்து, நாலு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டு, மாதா மாதம் ரீசார்ஜும் செய்துகொண்டிருந்தேன். எதற்கு என்று என் ஓரகத்தி ஒருமுறை கேட்டாள்.

"யாராவது கூப்புட்டா இன்னா பண்றது?" என்றேன்.

"யாரு கூப்புடுவாங்க?"

"தெரியாதவங்க யாராவது."

தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் இறந்த விஷயம் தெரியும் என்பதால் அப்படிச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளும் அதிகம் வரவில்லை.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் எங்கள் ஊர். இரண்டு அறை வீடு, பின்னால் ஒரு போர், ஒரு முருங்கை மரம். பிள்ளைகள் இல்லை. அவர் இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவரே ஒரு பிள்ளை மாதிரிதான், சாப்பாட்டில் குறை சொல்வார், துண்டை எங்கேயாவது போட்டுவிட்டுத் தேடுவார். அவர் போன பிறகுதான் ஒரே ஒரு ஆளுக்குக் குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. ஒருத்திக்குத் தேவையான சட்னியை மிக்ஸி அரைக்காது. நாலு தேங்காய்ச் சில்லும் ரெண்டு மிளகாயும் ஜாரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு காற்றில் சுற்றும். நானும் மூடியைத் திறந்து தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கடைசியில் சட்னியையே விட்டுவிட்டேன்.

பேச்சும் அப்படித்தான். கொஞ்ச நாள் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அவர் நல்லெண்ணத்தில் கேட்டில் ஒரு பையை மாட்டச் சொல்லி, அதில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அதோடு அந்த இரண்டு வார்த்தையும் போயிற்று.

செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு அந்த நாட்களில் வந்தது. அழுதுகொண்டு வரவில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுத்துவிட்டுப் புதுக் கார்டு கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. இதையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று, கடைக்குப் போய்ப் பருப்பு வாங்க வேண்டும் என்று தோன்றுவதைப்போலச் சாதாரணமாகத் தோன்றியது. அப்படிச் சாதாரணமாகத் தோன்றியதுதான் பயமாக இருந்தது. தள்ளிப்போடுவதற்கு எனக்கு அப்போது கிடைத்த ஒரே காரணம் புளி. அந்த வருடம்தான் வருடத்துக்கான புளியை வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்திருந்தேன். அவ்வளவு நல்ல புளி. அதை ஓரகத்தி அள்ளிக்கொண்டு போவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவருடைய போன் அடித்தது. அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே, பொட்டி வேணும். அர்ஜெண்ட்டு" என்றது ஓர் ஆண் குரல்.

"இன்னா பொட்டி?"

"ஐஸ் பொட்டிக்கா. அண்ணன் இல்லியா?"

என் வீட்டுக்காரரைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அவரு பூட்டாருங்க" என்றேன்.

"எங்க பூட்டாரு?"

"செத்துப் பூட்டாருங்க."

அந்தப் பக்கம் உச்சுக்கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆள் மரியாதையாகக் கேட்டார்: "அப்ப பொட்டி அங்கதான் கீதாக்கா? எப்ப ப்ரீ ஆவும்?"

ராங் நம்பர் என்று புரியவைப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அவர் கேட்டது இறந்தவர்களைக் கிடத்துகிற கண்ணாடிப் பெட்டி. கரண்டில் ஓடுவது. இப்போது எந்த ஊரில் சாவு விழுந்தாலும் முதலில் அதைத்தான் வாடகைக்குத் தேடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கும் வந்தது.

அந்த வாரத்தில் இன்னும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்றாவதாகப் பேசிய அம்மாவிடம், இந்த நம்பரை யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரு குடுக்கணும்? செவுத்துல எய்திக் கீதே" என்று, பெரிய சாலையில் மூடிக்கிடக்கிற ஒரு ரைஸ் மில்லின் சுவரைச் சொன்னாள்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவர் இறந்த பிறகு பேங்கும் ரேஷன் கடையும் தவிர ஓர் இடத்துக்கு நானாகக் கிளம்பிப் போனது அதுதான் முதல் தடவை. சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வரைந்து, அதன் மேல் ரோஜாப்பூக்களையும் பக்கத்தில் ஒரு சங்கையும் வரைந்து, "குளிர்சாதனப் பெட்டி வாடகைக்கு விடப்படும்" என்று எழுதியிருந்தது. கீழே இருந்த நம்பரைப் பார்த்தேன். அது என் வீட்டுக்காரருடைய நம்பரேதான். உற்றுப் பார்த்தபோது கடைசி எண்ணில் சந்தேகம் வந்தது. அது ஒன்று மாதிரியும் இருந்தது, மேலே லேசாக வளைத்த ஏழு மாதிரியும் இருந்தது. ஏழைப் போட்டு என் போனிலிருந்து அடித்தேன். உடனே எடுத்துவிட்டார் ஒருவர்.

"அலோ, பொட்டியா? எந்த ஊரு?" அவர் குரலில் அப்படி ஓர் ஆவல்.

"பொட்டி வேணாங்க. ஒங்க நம்பரு தப்பா எய்திக் கீது. ஒங்களுக்கு வர்றதெல்லாம் எனுக்கு வருது" என்றேன்.

"எத்தினி நாளா?"

"ஒரு வாரமா வருதுங்க. நாலு பேரு கூப்புட்டுட்டாங்க."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "சுண்ணாம்பு அடிச்சி புதுசா எய்தினேம்மா. அதுலேர்ந்து ஒரு போன் வரல. இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் சாவலன்னு நெனச்சிக்கினு கீறேன்."

"சாவறாங்க. எனுக்குத்தான் சொல்றாங்க" என்றேன்.

அன்று மதியமே மொபெட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமாக, தொப்பையோடு, பூப்போட்ட சட்டையில் இருந்தார். தொழிலுக்கும் சட்டைக்கும் சம்பந்தமே இல்லை. வாசலிலேயே நின்று பெயின்டருக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது ஏழுதாண்ணா" என்றார் பெயின்டர். "நான் போடற ஏழு அப்படித்தான் இருக்கும். பாக்கறவங்களுக்குப் படிப்பு இல்லன்னா நான் இன்னா பண்றது?"

பெயின்டர் கோயில் வேலைக்கு ஆந்திரா பக்கம் போயிருந்தார். வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். இதே ஏழு பத்துப் பதினோரு சுவர்களில் இருந்தது. வேறு பெயின்டரை வைத்து மாற்றலாமே என்றேன். "அவன் கோச்சிக்குவாம்மா, சொந்தக்காரன்" என்றார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "அதுவரிக்கும் நீயே எடுத்து எனுக்குச் சொல்லிடும்மா" என்றார்.

"என்னால முடியாதுங்கண்ணா. நான் போனை ஆப் பண்ணி வச்சிடறேன்."

அவர் பிரிட்ஜ் மேல் இருந்த போனைப் பார்த்தார். அது ஒரு சின்னத் துண்டின்மேல் இருந்தது. "யாருதும்மா?"

"அவருது."

பெட்டிக்காரர் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப ஆப் பண்ணாதம்மா" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

இப்படித்தான் என் வீட்டுக்காரருடைய போனில் சாவுச் செய்திகளை வாங்குவது என் வேலையாயிற்று. முதல் சில நாள் ஊரையும் தெருவையும் மட்டும் கேட்டுச் சொன்னேன். அது போதவில்லை. வாசற்கதவு அகலமா, மூணு பின் ப்ளக் இருக்கிறதா, வண்டி வீட்டு வரைக்கும் போகுமா என்றெல்லாம் பெட்டிக்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார். ஒரு பழைய டைரியில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன்.

எத்தனை விதமான மனிதர்கள். மாமனார் ஆறடி, அதனால் பெரிய பெட்டியாக வேண்டும் என்றார் ஒருவர். பெட்டிக்குள் லைட் எரியுமா, போட்டோ எடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு பெரிய மனிதர், பெட்டி கடைசியாக எந்தத் தெருவுக்குப் போய் வந்தது என்று சுற்றி வளைத்து விசாரித்தார். காலனிக்குப் போய் வந்ததா என்பதுதான் கேள்வி.

"ஆமாங்க, காலனியிலதான் கீது. அங்கேருந்துதான் ஒங்க வூட்டுக்கு வரணும். வேணாமா?" என்றேன்.

"சரி, சீக்கிரம் அனுப்பு" என்றார். வெயில் காலம் அல்லவா.

விலாசம் சொல்லி முடித்த பிறகும் பல பேர் போனை வைப்பதில்லை. எப்படி இறந்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த மகன் வரவில்லை என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அடுப்பில் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பேன். போன் எப்போது வரும் என்று தெரியாததால் காலையில் நேரத்தோடு குளித்தேன். குளிக்கப் போகும்போது போனைப் பாத்ரூம் ஜன்னலில் வைத்தேன். சாவது பற்றிய நினைப்பு இடையிடையே எட்டிப் பார்க்கும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் வந்திருந்தது. நான் செத்தால் எனக்குப் பெட்டி வேண்டும் என்று யாராவது சுவரைப் பார்த்துப் போன் போடுவார்கள். அது என் வீட்டு பிரிட்ஜ் மேலேயே அடிக்கும். யார் எடுப்பார்கள்?

ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். ஒருவர் கூப்பிட்டு, "நாளைக்குக் காத்தால பொட்டி வேணும்" என்றார்.

"யாரு இறந்தது?"

"இன்னும் இல்ல. எங்க பெரிப்பா. ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்க. பெங்களூர்லேர்ந்து எல்லாரும் வந்துக்கினு கீறாங்க, அதான் முன்னாடியே சொல்லி வக்கலாம்னு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உசுரோட கீறவருக்குப் பொட்டி தர்றது இல்ல" என்று வைத்துவிட்டேன். அவர் விடவில்லை. மறுநாள் கூப்பிட்டு, "இன்னிக்கு சாயங்காலம் ஆயிடும் போல கீது" என்றார். அதற்கு மறுநாள், "பேஜாரா கீதுக்கா, நேத்து கஞ்சி குடிச்சிட்டாரு" என்றார். பெங்களூர்க்காரர்கள் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார்களாம்.

நாலாவது நாள் அதே நம்பரிலிருந்து வேறு குரல். தேய்ந்த, ஆனால் கறாரான குரல்.

"பொட்டிக்காரி நீதானா?"

"நீங்க யாருங்க?"

"நீ யாருக்குப் பொட்டி வச்சிக்கினு கீறியோ அவன்தான். எம் முன்னாடியே உக்காந்து போன் பேசறானுங்க. காது கேக்காதுன்னு நெனப்பு." கொஞ்சம் இருமினார். "அந்தப் பொட்டிக்குள்ள ரொம்ப சில்லுன்னு இருக்குமாமே?"

"ஆமாங்க."

"எனுக்கு ஆவாது. சளி புடிச்சிக்கும். அத்த கேன்சல் பண்ணிடு."

சரிங்க என்றேன். "பேர எய்தி வச்சிருந்தா அடிச்சிடு" என்றார். அடித்துவிட்டேன் என்றேன். "இன்னா சாப்புட்ட?" என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றதும், "நான் செத்துக்கினு கீறவன், ரெண்டு இட்லி துன்னுட்டேன். ஒனுக்கு இன்னா கேடு?" என்று வைத்துவிட்டார்.

நான் சிரித்தேன். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. இரண்டு வருடமாகச் சத்தமே வராத வீட்டிலிருந்து இப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். விபூதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பிறகு என் வீட்டுக்காரருடைய இரண்டாம் வருடத் திதி வந்தது. அவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே எழுந்து சோறு, சாம்பார், வடை, பாயசம், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு எல்லாம் செய்தேன். புதுவேட்டி சட்டை வைத்தேன். கொழுந்தன் குடும்பம் வருகிறேன் என்று சொல்லியிருந்ததால் பத்துப் பேருக்குச் சமைத்திருந்தேன். பத்துப் பேருக்கு என்றால் மிக்ஸி எவ்வளவு நன்றாக ஓடுகிறது. பதினோரு மணிக்குக் கொழுந்தன் போன் செய்து, செங்கல்பட்டில் ஒரு கிரகப்பிரவேசம், மறந்தே போய்விட்டது அண்ணி என்றான். காக்கைக்கு மதில்மேல் சோறு வைத்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், காக்கை வரவில்லை. தெருநாய்தான் வந்து, எட்டாத மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உள்ளே வந்து அவ்வளவு சாப்பாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு சாதாரணமாக வரவில்லை. மார்மேல் உரலைத் தூக்கி வைத்ததுபோல வந்தது. இனிமேல் ஒரு நாள்கூட என்னால் முடியாது என்று உறுதியாகத் தோன்றியது. புளி ஜாடி கண்ணெதிரேதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இருந்தது.

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அந்தத் தகர மணியைக் கேட்டுக்கொண்டு எதையுமே தீர்மானமாக நினைக்க முடியாது. மூன்றாவது தடவை, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

ஒரு பெண் குரல். இருபத்தைந்து வயது இருக்கலாம். "எங்க நைனா மூச்சு வுட மாட்டேங்கறாரு" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"காத்தாலேர்ந்து. நர்சம்மா வந்து பாத்துட்டு முடிஞ்சிபோச்சின்னு சொல்லிட்டாங்க. பொட்டிக்கு சொல்லுன்னாங்க. அண்ணன் துபாய்ல கீறான். நான் மட்டும்தான் கீறேன். எனுக்கு இன்னா பண்றதுன்னு தெரியல."

ப்ளக்கும் வாசற்கதவும் பற்றிக் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. "மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடி. நான் இருக்கேன்" என்றேன். குடிக்கிற சத்தம் கேட்டது. "பக்கத்து வூட்ல யாரும் இல்லியா?"

"அவங்களோட பேச்சு இல்ல. செவுரு தகராறு. ஆறு வருசமா கேஸ் நடக்குது."

"சாவுக்குக் கேஸெல்லாம் கெடையாது. போய்க் கதவத் தட்டு. நைனா பூட்டாருன்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் பேசாத."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய்த் தட்டினாள். கதவு திறந்தது, ஒரு பெண்பிள்ளை வாயில் அடித்துக்கொண்டு அலறுவது, ஆட்கள் ஓடுவது எல்லாம் எனக்குக் கேட்டது. பிறகு அந்தப் பெண் மறுபடி போனை எடுத்து, "நீங்க வருவீங்களாக்கா?" என்றாள். பெட்டியோடு ஆட்கள் வருவார்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். "வரேன்" என்று வாயில் வந்துவிட்டது.

பெட்டிக்காரர் குட்டியானை வண்டியை எங்கள் ஊர் வழியாக விட்டார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று சோற்றையும் சாம்பாரையும் பெரிய அடுக்குகளில் எடுத்துக்கொண்டேன். பாயசமும் வடையும் அங்கே ஆகாது. வடையை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியின் முன்பக்கம் வைத்தேன். பாதி வழியில் பெட்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாம்மா வாசன? காத்தாலேர்ந்து நாஷ்டா கூடத் துன்னல."

விஷயத்தைச் சொன்னேன். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பேரச் சொல்லிக்கினு துன்றேன்" என்று ஒன்பது வடை சாப்பிட்டார். என் வீட்டுக்காரருக்குப் படைத்ததை அந்த வருடம் முதலில் தின்றவர் அவர்தான்.

நாங்கள் போய்ச் சேரும்போது செவுரு தகராறுக்காரரே முன்னால் நின்று, அந்தத் தகராறுச் சுவரிலேயே ஆணி அடித்துப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்கி, அந்தப் பெரியவரைக் கிடத்தி, கண்ணாடியை மூடினார்கள். மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பகல் முழுவதும் கேட்ட சத்தம். அன்றைக்கு நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டார்களா, அவருடைய டெப்போ ஆட்களுக்கு நாற்காலி போட்டார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு சேர்ந்து அழுவதற்கு யாரும் இல்லாமல் போயிற்று.

இப்போது வந்தது. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த மனிதருக்கு முன்னால், என்னை ஏன் விட்டுட்டுப் போன, எனக்கு யாரு இருக்கா என்று வாய்விட்டு அழுதேன். இரண்டு வருடத்து அழுகை. சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது எனக்குத் தெரியவில்லை.

செத்தவருடைய தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அறுபது வயது அம்மா. என் காதருகே குனிந்து, "யாரும்மா நீ? எங்க அண்ணனோட எத்தினி வருசமா பழக்கம்?" என்றாள்.

எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. "இருபத்தாறு வருசம்" என்றேன் விம்மிக்கொண்டே.

அந்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "அண்ணி செத்தே இருபது வருசம்தான் ஆவுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அங்கிருந்து அது கூட்டம் முழுக்கப் பரவியது. பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கீழே இறங்கி வந்துவிட்டார். நிலைமையைக் கவனித்த பெட்டிக்காரர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "யாரும் தப்பா நெனக்காதீங்க. அவங்க நம்ம பொட்டியோட வந்தவங்க."

அது இன்னும் மோசமாயிற்று. பெட்டியோடு சேர்த்து அழுவதற்கும் ஆள் அனுப்புகிறார்களா என்று ஒருவர் கேட்டார். கடைசியில் அந்தப் பெண்தான் வந்து, போனில் என்னோடு இருந்தவர் இந்த அக்காதான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்று என் வீட்டுக்காரருக்குத் திதி என்று சொன்னேன். பெண்களெல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தங்கைக்கு மட்டும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. சாயங்காலம் காபி கொண்டுவந்து கொடுக்கும்போது, "எங்க அண்ணன் தங்கமான மனுசன்தான். இருந்தாலும் ஆம்பள பாரு, அதான் கேட்டேன்" என்றாள்.

திரும்பி வரும் வழியில், சாலையைப் பார்த்துக்கொண்டே பெட்டிக்காரரிடம் சொன்னேன். காலையில் எனக்கு என்ன நினைப்பு இருந்தது என்று. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இத்த வேற யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்லண்ணா."

"எனுக்கு இன்னா தெரியும், நான் பொட்டிக்காரன்." இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். என் வூட்டுக்காரி கூட வருவா. இன்னிக்கு ராத்திரி எங்க வூட்லயே படுத்துக்கோ. போன் வந்தா நான் எடுக்கறேன்."

மறுநாள் அவர் மனைவியோடு டாக்டரைப் பார்க்கப் போனேன். அந்த அண்ணி வாய் ஓயாமல் பேசுகிறவர். டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

"தூக்கம் வருதாம்மா?"

"எங்க வருது டாக்டர்? மூணு மணிக்கே முயிச்சிக்கறேன்" என்றார் அண்ணி.

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்."

டாக்டரம்மா பொறுமையாக அண்ணியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் ரொம்ப நேரம் பேசினார். நான் மறைக்காமல் சொன்னேன். இது ஒரு நோய் மாதிரிதான், மருந்து இருக்கிறது, பேசப் பேசக் குறையும் என்றார். "தினமும் பேசறதுக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நெறைய பேரு கூப்புடறாங்க டாக்டர்."

"நல்லது. யாரு, சொந்தக்காரங்களா?"

"சாவு வூட்டுக்காரங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. வெளியே நோயாளிகள் வரிசையில் நிற்க, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். பிறகு எனக்கு மாத்திரை எழுதினார். அண்ணியைக் கூப்பிட்டு அவருக்கும் தூக்கத்துக்குச் சில யோசனைகள் சொல்லி அனுப்பினார்.

பெயின்டர் ஒன்றரை மாதம் கழித்து வந்து எல்லா ஏழையும் திருத்தினார். கோபத்தில் அவை ஒவ்வொன்றையும் அரிவாள் மாதிரி பெரிசாகப் போட்டுவிட்டார். அந்த வாரம் போன் அடிக்கவே இல்லை. நாலாவது நாள் எனக்கு மறுபடியும் பாரம் ஏற ஆரம்பித்தது. டாக்டரம்மா சொல்லியிருந்தபடி அதை மறைக்காமல் அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். "வூட்ல குந்திக்கினு இன்னா பண்ற? எங்க கடைக்கு வா. அவருக்குப் போன்ல பேசத் தெரியல, சாவு வூட்டுக்காரங்களாண்ட நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாரு" என்றார்.

இப்போது காலை ஒன்பது மணி பஸ்ஸில் உத்திரமேரூர் போகிறேன். நாற்காலி, பாத்திரம், சாமியானா எல்லாம் சேர்த்து வாடகைக்கு விடுகிற கடை. கல்யாணத்துக்கும் நான்தான் பேசுகிறேன். கல்யாண வீட்டுக்காரர்கள்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள். நான் சரியாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சில ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் நீளமாக இருக்கின்றன. மாத்திரை சாப்பிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். அந்தத் துபாய்க்காரனின் தங்கை வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பக்கத்து வீட்டோடு கேஸ் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று சொல்கிறாள்.

இந்த வாரம் கடையில் ஒரு தகராறு நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது பெட்டி வாங்கப் போகிறோம். சுற்றிலும் கலர் பல்பு எரிகிற மாடல்தான் வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நிற்கிறார். அது திருவிழாக் கடை மாதிரி இருக்கும், ஒரே ஒரு வெள்ளை லைட் போதும் என்று நான் சொல்கிறேன். அண்ணி யார் பக்கமும் சேரவில்லை. வியாழக்கிழமை மூன்று பேரும் காஞ்சிபுரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம். அண்ணி முதலில் புடவைக் கடைக்குப் போக வேண்டுமாம், அதனால் காலை பஸ்ஸிலேயே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.